முதல் முறை காண்டாக்ட் லென்ஸ்: எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கண்ணாடிக் கடைக்கு வந்து காண்டாக்ட் லென்ஸ் கேட்பவர் தனியாக வருவது அபூர்வம். நிச்சயம் முடிந்த பெண் அம்மாவோடு வருவார். ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பையன் நண்பனைக் கூட்டி வருவான். போடப்போகிறவருக்கு ஒரு கேள்வியும் இருக்காது. கூட வந்தவருக்குத்தான் அத்தனை பயமும். "ஏங்க, கண்ணுக்குப் பின்னாடி போயிட்டா எப்படிங்க எடுக்கிறது?" "தூங்கி எழுந்தா கண்ணோட ஒட்டிக்குமாமே?" "வெல்டிங் வெளிச்சம் பட்டா உருகிடும்னு சொல்றாங்களே, நெசமாங்க?"

இதில் முதலாவதும் மூன்றாவதும் நடக்காதவை. நடுவில் உள்ளது பாதி உண்மை. ஆனால் போர் தண்ணீரில் லென்ஸைக் கழுவலாமா என்று யாரும் கேட்பதில்லை. லென்ஸ் போடுபவர்களுக்கு வரும் மோசமான கருவிழித் தொற்றுகளில் திரும்பத் திரும்ப அடிபடும் காரணங்கள் தண்ணீர், தூக்கம், கழுவாத கை, லென்ஸை ஊறவைக்கும் மருந்து நீரான சொல்யூஷனை மாற்றாமல் விடுவது. பயத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டால், லென்ஸ் போடுவது பெரிய விஷயமே இல்லை.

பின்னால் போகாது, மேலே ஒளிந்துகொள்ளும்

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, மேலேயும் கீழேயும் மடிந்து இமையின் உட்புறத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த மடிப்போடு வழி அடைபட்டுவிடும். அதைத் தாண்டி எதுவும் பின்னால் போக முடியாது. லென்ஸ் நகர்ந்தால் அதிகபட்சம் மேல் இமைக்கு அடியில் மடிந்து கிடக்கும்.

அப்படி ஆனால் கண்ணைத் தேய்க்காதீர்கள். லென்ஸுக்கு ஏற்ற சொட்டு மருந்தை இரண்டு துளி விட்டுவிட்டு, நன்றாகக் கீழே பார்த்தபடி மேல் இமையைத் தூக்குங்கள். ஓரம் தெரியும். தெரியவில்லையென்றால் கண்ணை மூடி, இமையின் மேல் விரலால் மெதுவாகக் கீழ்நோக்கி நீவுங்கள். அப்படியும் வராவிட்டால் கண் மருத்துவர் ஒரு சாயச் சொட்டு விட்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

2017ல் இங்கிலாந்தில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் கண்புரை அறுவைக்குப் போனபோது, ஒரே கண்ணிலிருந்து 27 லென்ஸ்களை எடுத்தார்கள். மருத்துவ இதழிலேயே வெளியான செய்தி இது. முப்பது வருடத்துக்கும் மேலாக மாத லென்ஸ், அதாவது மாதம் ஒருமுறை மாற்றும் லென்ஸ், போட்டு வந்தவர். கழற்ற வராதபோதெல்லாம் கீழே விழுந்திருக்கும் என்று நினைத்து அடுத்ததைப் போட்டிருக்கிறார் போல. இத்தனை நடந்தும் ஒன்றுகூடக் கண்ணுக்குப் பின்னால் போகவில்லை. ஆனாலும் கழற்றிய லென்ஸைக் கையில் பார்த்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.

வெல்டிங் கதை ஊர் ஊராகச் சுற்றும் வதந்தி. வெல்டிங் ஒளி வெறும் கண்ணையே எரிக்கும். முகமூடி இல்லாமல் பார்த்தால் லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராத்திரி முழுக்கக் கண்ணீர்தான். லென்ஸ் அங்கே உருகி ஒட்டுவதில்லை. பவர் ஏறுமா என்றால், லென்ஸால் ஏறாது, இறங்காது.

கண்ணாடிச் சீட்டு போதாது

கண்ணாடிக்கு எழுதிய பவர் சீட்டை வைத்துக்கொண்டு போனில் லென்ஸ் ஆர்டர் போடுகிறார்கள். செய்யாதீர்கள். கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது. அதனால் பவர் 4-க்கு மேல் போனால் இரண்டும் ஒன்றாக இருக்காது. கண்ணாடியில் மைனஸ் 6 உள்ளவருக்கு லென்ஸில் மைனஸ் 5.50 வரலாம். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அதற்கென்று தனி வகை லென்ஸ் உண்டு. பவர் மட்டுமின்றி லென்ஸின் வளைவு, விட்டம் என்று இன்னும் இரண்டு அளவுகள் லென்ஸ் வரும் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும். உங்கள் கருவிழியின் வளைவை அளந்துதான் அதைத் தீர்மானிக்க முடியும். இறுக்கமாக உட்கார்ந்தால் கண் சிவக்கும், தளர்ந்தால் சிமிட்டும்போதெல்லாம் நகரும்.

பரிசோதனைக்குப் போகும்போது சர்க்கரை, கண் வறட்சி, அடிக்கடி வரும் அரிப்பு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ட்ரையல் லென்ஸைப் போட்டு அரைமணி நேரம் உட்காரவைத்து, பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் எழுதித் தர வேண்டும். அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

எந்த வகை வாங்குவது? தினமும் போடப்போவதில்லை, விசேஷத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும்தான் என்றால், ஒருநாள் லென்ஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். காலையில் பிரித்து, இரவில் குப்பையில் போட்டுவிடலாம். ஊறவைக்கும் டப்பாவும் இல்லை, சொல்யூஷனும் இல்லை, அழுக்குச் சேரவும் நேரமில்லை. ஒரு ஜோடியின் விலையைப் பார்த்தால் மாத லென்ஸ் மலிவாகத் தெரியும். சொல்யூஷன் செலவையும் சேர்த்துப் பாருங்கள், எப்போதாவது போடுபவருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. மாத லென்ஸ் என்பதில் ஒரு குழப்பம் வேறு: பிரித்த நாளிலிருந்து 30 நாள்தான் கணக்கு. பத்து நாள்தானே போட்டேன், இன்னும் இருபது நாள் பாக்கி என்ற கணக்கு செல்லாது.

போடுவது

முதல் நாள் அவசரம் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய காலையில் பழக வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். குளித்து முடித்து, தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன்பு உட்காருங்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து நின்று போட வேண்டாம். மேசையில் சுத்தமான துணி விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் துடைக்க வேண்டும். நூல் உதிரும் டவல் வேண்டாம். அதன் ஒரு இழை கண்ணுக்குள் போனால் லென்ஸ் சரியில்லை என்று நீங்கள் கடைக்காரரைத் திட்டுவீர்கள். மிளகாய் நறுக்கிய கையாக இருந்தால் சோப்பு மட்டும் போதாது, அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு இரண்டு முறை சோப்புப் போடுங்கள். அதைவிட நல்ல வழி, அடுப்படிக்குப் போகும் முன்பே லென்ஸைப் போட்டுவிடுவது. இரவில் கழற்றும்போது கை காரமாக இருந்தால்? முதல் தடவையே பாடம் படித்துவிடுவார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. புளி தட்டும் வீடுகளிலும் இதே கவனம் வேண்டும்.

எப்போதும் வலது கண்ணில் ஆரம்பியுங்கள். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் இந்தப் பழக்கம்தான் மாறிப்போகாமல் காக்கும். லென்ஸை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். ஓரம் கிண்ணம் போல நேராக நின்றால் சரி, தட்டு மாதிரி வெளியே விரிந்திருந்தால் தலைகீழ். தலைகீழாகப் போட்டாலும் ஆபத்து ஒன்றுமில்லை, உறுத்தும், அவ்வளவுதான்.

வலது கை ஆள்காட்டி விரலில் லென்ஸ். அதே கையின் நடுவிரலால் கீழ் இமையை இழுங்கள். இடது கையால் மேல் இமையை, முடி முளைக்கும் ஓரத்திலேயே பிடித்துத் தூக்குங்கள். நடுவில் பிடித்தால் கண் சிமிட்டிவிடும். நேராகப் பார்த்தபடி கருவிழி மேல் வைத்து, முதலில் கீழ் இமையை விடுங்கள், பிறகு மேல் இமையை மெதுவாக. கண்ணை மூடி ஒரு சுற்று உருட்டினால் தானாக உட்கார்ந்துகொள்ளும். எரிந்தால், குத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கழற்றி, சொல்யூஷனில் அலசி, மறுபடி போடுங்கள். நன்றாக உட்கார்ந்த லென்ஸ் கண்ணில் இருப்பதே தெரியாது.

முதல் நாள் 4 மணி நேரம் போதும். அடுத்தடுத்த நாளில் ஒன்றிரண்டு மணி நேரமாகக் கூட்டுங்கள். அதிகபட்சம் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

கழற்றுவது

மறுபடி கை கழுவுதல். மேலே பார்த்து, கீழ் இமையை இழுத்து, லென்ஸை விரலால் வெள்ளைப் பகுதிக்கு இறக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக மெல்லக் கிள்ளி எடுக்க வேண்டும். பிடிபடவில்லையென்றால் ஒரு நிமிடம் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். பார்வை மங்கலாக இருந்தால் லென்ஸ் கருவிழி மேல் இல்லை; விழுந்திருக்கலாம், இமைக்கு அடியில் ஒளிந்தும் இருக்கலாம். இல்லாத லென்ஸைக் கிள்ளிக் கிள்ளிக் கருவிழியைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

காய்ந்து ஒட்டினாற்போல இருந்தால் இழுக்காதீர்கள். சொட்டு விட்டு, நாலைந்து நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்தால் தளரும். முன்பு சொன்ன பாதி உண்மை இதுதான்.

தண்ணீர்

இங்கேதான் நம் ஊர்க்காரர்களோடு எனக்கு வாக்குவாதம் வருகிறது. "சுத்தமான ஒகேனக்கல் தண்ணிதாங்க, குடிக்கிறதே அதைத்தான்" என்பார்கள். குடிக்கலாம். லென்ஸைக் கழுவக் கூடாது. போர் தண்ணீர், தொட்டித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவைத்தது, எதுவும் கூடாது.

காரணம் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி. மண்ணிலும் கிணற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்வது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்வதால் குளோரினுக்கும் எளிதில் சாகாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு, கருவிழியில் சின்னக் கீறல் இருந்தால் அந்த வழியே உள்ளே இறங்கும். வலி தாங்க முடியாது, சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். அரிதான நோய்தான். ஆனால் மேலை நாடுகளில் அதற்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் லென்ஸ் போடுபவர்கள். அது போக, தண்ணீர் பட்டால் சாஃப்ட் லென்ஸ் எனப்படும் மென் லென்ஸ் உப்பிக் கருவிழியை இறுக்கிப் பிடிக்கும்.

ஆகவே குளித்த பிறகு லென்ஸ், முகம் கழுவும் முன் கழற்றல். ஒகேனக்கல்லுக்குப் போகிறீர்கள் என்றால் எண்ணெய் தேய்த்துவிடுபவர் தலையில் கை வைக்கும் முன்பே லென்ஸ் வெளியே வந்துவிட வேண்டும். எண்ணெயும் ஆகாது, அருவியும் ஆகாது. பரிசலில் போகும்போது சாரல் அடிக்கும், அதற்கும் கண்ணாடியே நல்லது. கிணற்றில் குதித்து நீந்துவது, கே.ஆர்.பி. அணையில் இறங்குவது எல்லாமே அப்படித்தான். தவறித் தண்ணீர் பட்டுவிட்டால் கரையேறியதும் கழற்றிவிடுங்கள். ஒருநாள் லென்ஸ் என்றால் தூக்கி எறியுங்கள். மாத லென்ஸ் என்றால் சொல்யூஷனில் தேய்த்துக் கழுவி, அது சொல்லும் நேரம் முழுக்க ஊறவைத்த பிறகே மறுபடி போட வேண்டும்.

எச்சில் தொட்டு ஈரமாக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், வாயில் இருக்கும் கிருமிக்குக் கண்ணில் வேலை இல்லை.

தூக்கம்

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடினால் அந்த வரத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதன் மேல் லென்ஸையும் வைத்து ஏழு மணி நேரம் மூடினால் கருவிழி வீங்கும், மேல்தோல் பலவீனமாகும், கிருமிக்குக் கதவு திறந்துவிடும். ஆஸ்திரேலியாவில் செய்து 2008ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மென் லென்ஸைப் பகலில் மட்டும் போடுபவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 2 பேருக்குக் கருவிழித் தொற்று வருவதாகவும், போட்டபடி தூங்குபவர்களில் அது சுமார் 20 பேர் என்றும் கணக்கிட்டது. முதல் எண்ணைப் பார்த்துத் தைரியப்படுங்கள், இரண்டாவதைப் பார்த்துக் கழற்றுங்கள்.

யாரும் வேண்டுமென்று தூங்குவதில்லை. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, ஊர் வருவதற்குள் எழுந்துகொள்ளலாம் என்று சாய்ந்தால் விடிந்துவிடும். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்படியே படுக்கையில் விழுவார்கள். பையில் கண்ணாடியும், சின்னச் சொல்யூஷன் பாட்டிலும், டப்பாவும் எப்போதும் இருக்கட்டும். பஸ்ஸில் கை கழுவ வழியில்லை என்றால் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள்.

சொல்யூஷனும் டப்பாவும்

நேற்று ஊறவைத்த சொல்யூஷனைக் கொட்டுங்கள். குறைந்திருக்கிறது என்று மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது பழையதற்குத் திரும்பவும் வீரியம் கொடுக்காது. கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, புதிய சொல்யூஷன் விட்டு, இரண்டு பக்கமும் விரலால் தேய்த்து, அலசிய பிறகே டப்பாவில் போடுங்கள். "தேய்க்க வேண்டாம்" என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது.

காலையில் லென்ஸ் எடுத்ததும் டப்பாவைச் சொல்யூஷனால் அலசி, டிஷ்யூவால் துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். பாத்ரூமில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா மாற்றிவிடுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் 3 மாதம்தான் தாங்கும் என்று லேபிளில் இருக்கும்.

மெடிக்கலில் விலை குறைவு என்று நார்மல் சலைன் வாங்கி ஊறவைக்காதீர்கள். அது உப்புத் தண்ணீர்; கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வகையை வாங்கினால், அதோடு வரும் தனி டப்பாவில்தான் ஊற வேண்டும், குறைந்தது 6 மணி நேரம். அவசரப்பட்டு அதிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் கண் பற்றி எரியும்.

கல்யாணமும் கலர் லென்ஸும்

முகூர்த்தத்துக்கு மட்டும், பவர் இல்லாத கலர் லென்ஸ்தானே, அதற்கு எதற்கு டாக்டர் என்பார்கள். பவர் இல்லாவிட்டாலும் வளைவும் விட்டமும் இருக்கிறதே. அதைவிடப் பெரிய சங்கடம், மேக்கப் செய்பவர் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் லென்ஸ். போன வாரம் காரிமங்கலத்து மணப்பெண் போட்டதை இந்த வாரம் காவேரிப்பட்டணத்துப் பெண்ணுக்குப் போடுவது சொல்யூஷனில் ஊறவைத்தாலும் தப்புத்தான். "எங்கிட்ட புதுசா இருக்குங்க அக்கா" என்று உங்கள் டப்பாவைக் காட்டிவிடுங்கள், யாருக்கும் மனசு நோகாது.

இரண்டு வாரம் முன்பே வாங்கிப் பழகுங்கள். முகூர்த்த நாளில் லென்ஸ் போட்ட பிறகு மேக்கப், லென்ஸைக் கழற்றிய பிறகு மேக்கப் கலைத்தல். ஹேர் ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மை இமை முடிக்கு வெளியே இருக்கட்டும், உள் ஓரத்தில் தீட்டினால் அது லென்ஸில் படியும். ஹோமப் புகையில் கண் கரிக்கும். லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது, சொட்டு மருந்தைத் தோழியிடம் கொடுத்து வையுங்கள். முதல் நாள் ராத்திரி வரவேற்பு, விடிகாலை முகூர்த்தம் என்றால் இடையில் இரண்டு மணி நேரம் தூங்கினாலும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

தூசி, கல், மருந்து

பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். எருது விடும் விழாவுக்குப் போகிற நாளில் லென்ஸை வீட்டில் விடுங்கள். கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் இடத்தில் வேலை என்றால், லென்ஸ் பாதுகாப்புக் கவசம் ஆகாது. மேலே காப்புக் கண்ணாடி கட்டாயம். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் அன்று லென்ஸைத் தொடவே கூடாது. மருந்து தெறித்தால் லென்ஸ் அதை உறிஞ்சிக் கருவிழி மேலேயே வைத்திருக்கும். அந்த ஒரு நேரத்தில் மட்டும் தண்ணீரைப் பற்றி யோசிக்காதீர்கள்: ஓடுகிற நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே லென்ஸை எடுத்துவிட்டு, தொடர்ந்து கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண் சிவந்தால்

முதல் வேலை, கழற்றுவது. சிறு உறுத்தல் என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஏதாவது கழற்றிய பிறகும் குறையாமல் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். நாளை பார்க்கலாம் என்பது இதில் கிடையாது. சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கண் பிரிவுக்குப் போங்கள்.

"மெட்ராஸ் ஐயாத்தான் இருக்கும்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதுவாகவே இருந்தாலும் லென்ஸ் போடக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிவப்பு குறைக்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாள் சுகமாக இருக்கும், உள்ளே தொற்று பரவும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணில் பெரும்பங்கு பூஞ்சையால் வருவது. வயலில் இலையோ சோகையோ கண்ணில் பட்டு வருவதும் அதுதான். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு விட்டால் நிலைமை மோசமாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் விட வேண்டாம். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம். கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

போகும்போது கழற்றிய லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே சோதித்துப் பார்க்க முடியும். குணமாகும் வரை கண்ணாடிதான். அதனால் உங்கள் கண்ணாடி பழைய பவரில் கிடக்க விடாதீர்கள். மருத்துவர் போடலாம் என்று சொன்ன பிறகு புது லென்ஸ், புது டப்பா, புது பாட்டிலோடு ஆரம்பியுங்கள்.